தீர்மானப் புத்தகமும் பரிசு மேடையும்

(இரணியலில் பெற்றோர்களும் மாணவர்களும் கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு மொழி பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



பரிசு கொடுத்து முடிந்த பிறகு பேச வருகிறவர் பாடு கஷ்டம்தான். பிள்ளைகளுக்கு வீட்டுக்குப் போகணும். அம்மைமாருக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கணும். அதனால நீட்டாமல் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன். இந்த மேடையைப் பற்றியும், பள்ளிக்கூட அலமாரியில் பூட்டி வைத்திருக்கிற ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பற்றியும்தான் பேசப்போகிறேன்.

முதலில் மேடை. 1980களின் கடைசியில் நான் எட்டாம் வகுப்பு படித்தேன். பள்ளிக்கூடத்தின் பேர் வேண்டாம். எனக்க அம்மை அண்டியாபீசில் பருப்பு உடைக்கிற வேலை. அண்டிப்பால் பட்டு விரலெல்லாம் கருத்துப்போய் இருக்கும். அன்றைக்கு அரைநாள் கூலியை விட்டுவிட்டு ஆண்டு விழாவுக்கு வந்திருந்தாள். கணக்கில் வகுப்பிலேயே நான்தான் முதல். பெயர் வாசித்தார்கள். முதல், இரண்டாவது, மூன்றாவது என்று எல்லாம் வாசித்தார்கள். என் பெயர் வரவில்லை. கடைசியில், "அரிஜனப் பிள்ளைகளில் முதல் மார்க்கு" என்று சொல்லி என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு எவர்சில்வர் டம்ளர் தந்தார்கள். அம்மை எழும்பி நின்று கைதட்டினாள். வீட்டுக்குப் போகிற வழியில்தான் கேட்டாள்: "எல்லாரையும் ஒண்ணா வாசிச்சாவ, உன்ன மட்டும் எதுக்கு பிள்ளே தனியா வாசிச்சாவ?"

பள்ளிக்கூடமே போகாதவள் கேட்ட கேள்வி அது. எனக்கு அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கு நான் பேசுவதெல்லாம் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

பாராட்டு என்பது ஒரு அதிகாரம், தோழர்களே. யாரைப் பாராட்டுவது, எந்தப் பட்டியலில் வைத்துப் பாராட்டுவது, எதைச் சாதனை என்று சொல்வது என்பதையெல்லாம் யாரோ ஒருவர் முடிவு செய்கிறார். அந்த முடிவு மேடையில் எடுக்கப்படுவதில்லை. விழாவுக்கு முன்னால் ஒரு அறைக்குள், ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து எடுக்கிறார்கள். அந்த மேசையில் நாம் இருக்கிறோமா என்பதுதான் கேள்வி.

இந்த மண்ணுக்கு இது புதிய கேள்வி இல்லை. 1956 நவம்பர் 1 வரைக்கும் இரணியல் திருவிதாங்கூர் ஆட்சியின் தொடர்ச்சியில்தான் இருந்தது. தென் திருவிதாங்கூரில் புராட்டஸ்டண்ட் சபையின் கதை மயிலாடியில் மகாராசன் வேதமாணிக்கம் என்ற சாம்பவரிடமிருந்து தொடங்குகிறது. 1806ல் ரிங்கல்தௌபே பாதிரியார் இந்தப் பக்கம் வந்தது அவர் போய் அழைத்ததால்தான். இன்றைக்குக் கல்வியில் முன்னேறிய மாவட்டம் என்று எல்லோரும் மார்தட்டுகிறார்களே, அந்தக் கதையின் முதல் பக்கத்தில் ஒரு தலித்தின் பெயர் இருக்கிறது. விழா மேடைகளில் அந்தப் பெயரை எத்தனை தடவை கேட்டிருக்கிறீர்கள்?

எல்லைக்கு அந்தப்பக்கம் நெய்யாற்றின்கரை. அங்கே வெங்ஙானூர் அய்யன்காளி. எழுதப் படிக்கத் தெரியாத மனிதர். 1907ல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். புலையர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கலாம் என்று 1910ல் அரசு உத்தரவு போட்டது. உத்தரவு தாளில் இருந்தது. பள்ளிக்கூட வாசலில் கம்போடு ஆள் நின்றது. ஊரூட்டம்பலம் பள்ளிக்கு பஞ்சமி என்ற சிறுமியைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார் அய்யன்காளி. பள்ளிக்கூடத்தையே கொளுத்தினார்கள். அதில் பாதி எரிந்த பெஞ்சு ஒன்று இன்னமும் அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. 2022ல் கேரள அரசு அந்தப் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் வைத்தது. எரித்தவர்களின் பெயர் யாருக்கும் ஓர்மை இல்லை. பெஞ்சில் உட்கார வந்த பிள்ளையின் பெயர் பள்ளிக்கூடத்துக்கே பெயராகிவிட்டது.

அய்யன்காளி செய்த இன்னொரு காரியத்தையும் பாருங்கள். எங்கள் பிள்ளைகளைச் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் இறங்கமாட்டோம் என்று கூலி ஜனத்தைத் திரட்டினார். அதோடு நிற்கவில்லை. 1912ல் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்குள் போய் உட்கார்ந்து, பள்ளிக்கூடம் கேட்டார், நிலம் கேட்டார். வயலிலும் நின்றார், மேசையிலும் இருந்தார். 1937 ஜனவரியில் காந்தி வெங்ஙானூர் வந்தபோது, தன் சமுதாயத்தில் பத்து பி.ஏ. பட்டதாரிகளைப் பார்க்க வேண்டும் என்பதுதான் தன் ஆசை என்று சொன்னார். அவர் கேட்டது கல் வைத்த மோதிரமோ பொன்னாடையோ இல்லை, பத்து பட்டதாரிகள். இந்த முன்வரிசையை இன்றைக்கு அந்த மனிதர் பார்க்க வேண்டும்.

இனி பாபாசாகேப். அவருக்கும் ஒரு பாராட்டு விழா நடந்தது. அதை அவரே எழுதி வைத்திருக்கிறார். ஆங்கில நான்காம் வகுப்பு தேறியதற்காக சாதி ஜனங்கள் கூட்டம் போட நினைக்கிறார்கள். மற்ற சாதிகளில் அது ஒரு பெரிய விஷயமே இல்லை. நம்மில் அதுவரை எட்டிய முதல் பையன் அவர். அப்பா ராம்ஜி சம்மதிக்கவில்லை. பையனுக்குத் தலைக்கனம் வந்துவிடும் என்கிறார். கேளுஸ்கர் என்ற ஆசிரியர் தலையிட்டு, அவரைச் சம்மதிக்க வைத்து, கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறார். பேசி முடித்துவிட்டுத் தான் எழுதிய புத்தர் வரலாற்றைப் பையன் கையில் கொடுக்கிறார்.

அந்தப் புத்தகம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பது 1956 அக்டோபர் 14ல் நாகபுரியில் தெரிந்தது. ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. கேளுஸ்கர் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. பையன் இண்டர்மீடியட் முடித்து மேலே படிக்கப் பணமில்லாமல் நின்றபோது, பரோடா மன்னரிடம் அழைத்துப் போனார். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. பாராட்டு என்றால் அதுதான் பாராட்டு. பிள்ளைக்கு அடுத்த கதவு எது, அதைத் தட்ட யார் கூடப் போவது என்று கேட்கிற பாராட்டு. அப்படிக் கேட்காத பாராட்டு வெறும் போட்டோ.

இப்போது அந்த நோட்டுப் புத்தகத்துக்கு வருகிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானப் புத்தகம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது: குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். ஒடுக்கப்பட்ட, நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்குத் தக்க இடம். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, அரசுப் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது எல்லாம் அந்தக் குழுவின் வேலை. தமிழ்நாட்டில் 2022ல் 20 பேர் கொண்ட குழுக்களை அமைத்தார்கள். 2024ல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேராக்கினார்கள்.

நான் ஒரு குழுவில் உறுப்பினராக இருந்தேன். கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகல். அண்டியாபீசிலும் ரப்பர் தோட்டத்திலும் வேலை பார்க்கிற அம்மைமார் அந்த நேரத்துக்கு எப்படி வருவார்கள்? வந்தால் கூலி போச்சு. அதனால் கூட்டம் முடிந்த பிறகு தீர்மானப் புத்தகம் வீடு தேடி வரும். முதல் தடவை நான் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டேன். அதை ஒளிக்காமல் சொல்லுகிறேன். இரண்டாம் தடவை புரட்டிப் பார்த்தேன். சுவருக்கு வெள்ளை அடிப்பது, தண்ணீர்த் தொட்டி, பரிசு பெற்ற மாணவர்களைப் பாராட்டித் தீர்மானம். அதற்குக் கீழே பாதிப் பக்கம் வெறுமையாக இருந்தது. அந்த வெற்றுத் தாளுக்கும் சேர்த்துத்தான் என் கையெழுத்து.

அடுத்த கூட்டத்துக்கு நானே போனேன். "வராத பிள்ளைகளைப் பற்றி ஒரு தீர்மானம் எழுதணும் சார்" என்றேன். "அது பொருள் நிரலில் இல்லையே அம்மா" என்றார்கள். பொருள் நிரலை யார் எழுதுவது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு எழுதினார்கள். மூன்று பேர் வீடு வீடாகப் போனோம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இரண்டு மாசமாக வரவில்லை. காரணம் வறுமை என்றுதான் நினைத்திருந்தோம். பிள்ளை சொன்னது வேறு. உதவித்தொகைக்கு ஆதார் நகல் கேட்டு, "எஸ்.சி. லிஸ்டில் உள்ளவங்க எழும்புங்க" என்று வகுப்பில் வாசித்தார்களாம். எழும்பி நின்ற நாளிலிருந்து பக்கத்துப் பெஞ்சுக்காரி பேசவில்லையாம்.

என் அம்மை கேட்ட அதே கேள்விதான் தோழர்களே. உன்னை மட்டும் எதுக்குத் தனியா வாசிச்சாவ? எனக்கு டம்ளர் கொடுத்து வாசித்தார்கள். இவளுக்கு உதவித்தொகை கொடுத்து வாசித்தார்கள். இதில் உதவித்தொகையைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அது நம்முடைய உரிமை. மேல்படிப்புக்கான உதவித்தொகை 1944லிருந்தே இருக்கிறது. உரிமையைக் கொடுக்கும்போதே அவமானத்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்களே, அதைத்தான் சாதி என்கிறோம்.

அவமானத்தோடு நிற்பதுமில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நன்றாகப் படித்த ஒரு மாணவனை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து மீண்டு, 2024ல் 600க்கு 469 வாங்கித் தேறினான் அந்தப் பிள்ளை. அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, மாணவர்களை நேராகவோ மறைமுகமாகவோ சாதியைக் குறித்து அழைக்கக் கூடாது என்றெல்லாம் அதில் சொல்லியிருக்கிறது. அறிக்கை சென்னையில் இருக்கிறது. வகுப்பறை இங்கே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது அந்தத் தீர்மானப் புத்தகம்தான். உதவித்தொகை விவரத்தை வகுப்பில் வாசிக்கக் கூடாது, பிள்ளையைத் தனியே அழைத்துத்தான் கேட்க வேண்டும் என்று எங்கள் குழு ஒரு வரி எழுதியது. ஒரே ஒரு வரி. அந்தப் பிள்ளை திரும்ப வந்தாள்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. 2011 கணக்குப்படி எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதல். அதே கணக்கில் பட்டியல் சாதியினர் சுமார் 4 சதவீதம். "நீங்க கொஞ்ச பேர்தானே" என்று நம்மை ஓரம் தள்ள இந்த 4 போதும். 20 பேரில் 4 சதவீதம் என்றால் ஒரு முழு ஆள்கூட இல்லை. ஆனால் சட்டம் கேட்பது மாவட்டக் கணக்கு இல்லை, அந்தப் பள்ளியின் கணக்கு. நூறு பிள்ளைகளில் முப்பது நம் பிள்ளைகள் என்றால் அந்த முப்பதுக்குத் தக்க இடம் வேண்டும். அதிலும் ஒரு வெட்டு இருக்கிறது. 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறித்தவரான சாம்பவர் பட்டியல் சாதி இல்லை. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். வேதமாணிக்கம் இன்றைக்கு வந்தால் நம் கணக்கில் வரமாட்டார்! கோயிலுக்குப் போகிறவர், சர்ச்சுக்குப் போகிறவர் என்று நாமும் பிரிந்து உட்கார்ந்தால் இருக்கிற கணக்கும் போய்விடும்.

இன்னொன்று. 2012 திருத்தத்தின்படி உதவி பெறும் பள்ளிகளில் இந்தக் குழு ஆலோசனை மட்டும்தான் சொல்லலாம். 2014ல் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது என்றது. அப்படிப்பட்ட பள்ளிகள் இங்கே நம்மைச் சுற்றி எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். அங்கே சட்டம் கைகொடுக்காது. அமைப்பாகத் திரண்டு போய்த்தான் கேட்க வேண்டும்.

ஆகையால் குழுவில் இருக்கிற அம்மைமாருக்குச் சொல்கிறேன். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போன கூட்டத்துத் தீர்மானம் என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டுப் புதிய தீர்மானத்துக்குப் போங்கள். வராத பிள்ளைகளின் விவரம் முதல் பொருளாக இருக்கட்டும், பாராட்டு அதற்குப் பிறகு வரட்டும். கழிப்பறையை யார் கழுவுகிறார்கள் என்று நடந்து போய்க் கண்ணால் பாருங்கள். கூட்ட நேரத்தைக் கூலிக்காரருக்குத் தக்கபடி மாற்றச் சொல்லுங்கள். அரசுப் பள்ளியில் தீர்மானத்தின் நகல் தர மறுத்தால் 2005 தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.

கல்லூரி மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேலை. முன்னாள் மாணவர் என்று குழுவுக்குள் போங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு இருக்கிறது. தேறினால் வருஷம் 12,000 ரூபாய். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு மருத்துவப் படிப்பில் 2020லிருந்து 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. விண்ணப்பத்தை நிரப்ப ஆள் இல்லாமல் எத்தனை பிள்ளைகள் நிற்கிறார்கள்! நீங்கள்தான் இவர்களுக்குக் கேளுஸ்கர்.

கடைசியாக, அந்தப் பிள்ளை. பத்தாம் வகுப்பில் 500க்கு 271 வாங்கினாள். முக்கில் கட்டின பிளக்ஸ் போர்டில் 450க்கு மேல் வாங்கினவர்களின் படம் மட்டும்தான் இருந்தது. 2017லிருந்து அரசே மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பதை நிறுத்திவிட்டது. நம் முக்குகளில்தான் நிற்கவில்லை. இரண்டு மாசம் நின்றுபோய், அதே வகுப்புக்குத் திரும்பி நடந்து போய், அதே பெஞ்சில் உட்கார்ந்து எடுத்த 271 சாதனை இல்லையா? சாதனைதான் என்று சொல்கிற ஆட்கள் அந்த மேசையில் இருந்தால், அடுத்த விழாவில் அவள் பெயரும் எல்லோருடைய பெயரோடும் ஒன்றாக வாசிக்கப்படும்.

எனக்க அம்மை இப்போது இல்லை. அந்த டம்ளர் வீட்டில் இருக்கிறது. அதில் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் அவள் கேட்ட கேள்விதான் கேட்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அந்தக் கேள்வியை நீங்கள் கேளுங்கள். கேட்டதை எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஜெய்பீம்.