பத்தி சொன்னதும் நாம் சொன்னதும்

(இலக்கிய வட்டத்தின் திங்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கவிதை பேசும் இம்மன்றத்தில் தேர்வுத்தாளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன், பொறுத்தருள வேண்டும். உரைப்பகுதி ஒன்றைக் கொடுத்து, அதிலுள்ள செய்திகளை வினவுவது எளிய பகுதி என்பார்கள். ஆசிரியனாக இருந்த காலமெல்லாம் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவி ஒருவர் வீடு தேடி வந்தார். செவிலியர். வெளிநாட்டுப் பணிக்காக ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் ஆங்கிலத் தேர்வை மும்முறை எழுதி, மும்முறையும் வாசிப்புப் பகுதியில் அரைப் புள்ளியில் தவறியிருந்தார். கடன் வாங்கிக் கட்டணம் செலுத்தியவர். "எங்கே தவறுகிறேன் என்றே தெரியவில்லை, ஐயா" என்றார்.

அத்தேர்வில் 60 நிமிடங்களில் 40 வினாக்கள். ஒருவகை வினாவில் ஒரு கூற்றைத் தந்து, அது சரியா, தவறா, பகுதியில் கூறப்படவில்லையா என்று கேட்பார்கள். அவருடைய பயிற்சித் தாள்களைப் புரட்டினேன். மூன்றாவது விடையை அவர் ஏறத்தாழ எங்குமே தேர்ந்தெடுக்கவில்லை.

நமக்குப் பழகிய செய்தியைக் கொண்டே இதை விளக்குகிறேன். பகுதி இது: "உ.வே.சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார்." இனிக் கூற்றுகள். கல்லூரியில் சேர்ந்த பத்தாண்டுகளுக்குள் அவர் சிலப்பதிகாரத்தை அச்சேற்றினார்: தவறு. பகுதியே அதை மறுக்கிறது. சிந்தாமணியின்பால் அவரைத் திருப்பியவர் சேலம் இராமசுவாமி முதலியார்: உண்மைதான், இங்குள்ள அனைவரும் அறிவோம். ஆயினும் விடை, கூறப்படவில்லை என்பதே! கற்றவர்கள் இடறுமிடம் இதுதான்.

நன்னூலார் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்தார். தேர்வில் வருவது அறிவினா. கேட்பவர் விடை தெரிந்தே கேட்கிறார். நாம் தருவதோ பெரும்பாலும் இனமொழி விடை. கேட்டதை விட்டு, அதற்கு இனமான வேறொன்றைச் சொல்கிறோம். அந்தப் பெண்ணுக்கு அப்பழக்கத்தை ஊட்டியவன் நானே. பத்தியிலிருந்து ஒரு வரி கேட்டால் தமக்குத் தெரிந்ததையெல்லாம் அழகுற விரித்தெழுதுவார். நான் மகிழ்ந்து முழு மதிப்பெண் இடுவேன்.

இரண்டு மாத ஞாயிறுகளில் அவருக்கு நான் சொன்னவை மிகச் சில. வினாவை முதலில் படித்து, பெயர், ஆண்டு, எண் இவற்றைக் குறித்துக்கொள்க. அவை அநேகமாக மாறாமல் வரும். மற்றச் சொற்கள் வேடம் மாறும். பதிப்பித்தார் என்பது அச்சேற்றினார் என்றாகும். இவ்வகையில் வினாக்கள் பகுதியின் வரிசையிலேயே அமைவதால், முன் விடை கிடைத்த இடத்திற்குக் கீழே தேடினால் போதும். சொல்லைக் கண்டவுடன் நில்லாமல், முன்னும் பின்னும் ஒரு வாக்கியம் படிக்க வேண்டும். 'மட்டும்', 'எல்லாம்', 'முதன்முதலில்' என்பன ஒரு கூற்றையே புரட்டிவிடும். பொருந்தாதது எதுவெனக் கேட்டால், பொருந்துவனவற்றைப் பகுதியில் கண்டு அடித்துவிட்டு எஞ்சியதைக் கொள்க. தவறான விடைக்கு அங்கே மதிப்பெண் குறைப்பதில்லை. ஆகவே ஒன்றையும் வெறுமையாக விடலாகாது.

இவற்றிற்கெல்லாம் மேலாக, ஒவ்வொரு விடைக்கும் "எந்த வரி? விரல் வைத்துக் காட்டு" என்பேன். முதல் வாரங்களில் அவர் விரல் தாளின்மேல் அலைந்துகொண்டே இருக்கும். நான்காம் முறை தேறிவிட்டார்.

விரல் வைக்கும் அப்பழக்கம் என்னையும் விடவில்லை. அண்மையில் நம் வட்டத்து இளங்கவிஞர் ஒருவர் கிணறு பற்றிய கவிதை ஒன்றை வாசித்தார். அதன் வறட்சியைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினேன், நீங்களும் கைதட்டினீர்கள். கூட்டம் கலைந்தபின் அவர் தயங்கியபடி, "ஐயா, கிணறு வற்றியதாக நான் எழுதவில்லையே" என்றார். வீட்டுக்குப் போய் விரல் வைத்துப் படித்தேன். எழுதவில்லைதான்.