பூவிருந்தவல்லியில் ஒரு தீவுக்கொடி



பூந்தமல்லி என வழங்கும் ஊரைப் பூவிருந்தவல்லி என்றும் எழுதுவர். காஞ்சி வரதராசருக்குத் தொண்டு செய்த திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் அது. வல்லி என்பது கொடி. பெயரிலேயே பூவையும் கொடியையும் தாங்கிய அவ்வூரிலும், அடுத்துள்ள அம்பத்தூர், ஆவடிப் பகுதிகளிலும், தொழிற்கூட முகப்புகளில் மஞ்சட்பூங்கொடி ஒன்று தரை தெரியாமல் படர்ந்து கிடக்கிறது. நாற்றுப்பண்ணையார் அதனை வெடலியா என்பர். சிங்கப்பூர் டெய்சி என்பாரும் உளர். சிங்கப்பூர் அதன் பிறந்தகம் அன்று. கரிபியன் தீவுகளும் வெப்ப அமெரிக்க நிலங்களுமே அதன் தாயகம்.

இதனை மஞ்சள் கரிசலாங்கண்ணி என மயங்குவோர் உண்டு. மயக்கத்திற்குக் காரணமும் உண்டு. இரண்டும் சூரியகாந்திக் குடும்பத்தில் ஒரே பேரினத்தைச் சார்ந்தவை. பூவென நாம் காண்பது ஒரு பூவன்று; சிறுபூக்கள் பல கூடிய தலை. சித்த மருத்துவர் மஞ்சள் கரிசலாங்கண்ணியைப் பொற்றலைக் கையாந்தகரை என்றனர். 'பொற்றலை' என்ற ஒரு சொல்லில் நிறமும் வடிவும் அடங்கிவிட்டன! கரிசலாங்கண்ணியை நாள்தோறும் உண்ணத்தக்க கீரையாக வள்ளலார் போற்றினார். அப்பெயரை நம்பிப் பறிக்கும் கை தவறான கொடியைப் பறிக்கலாகாது. பார்க்க வேண்டியது இலையை. தீவுக்கொடியின் இலை தடித்துப் பளபளக்கும். பெரும்பாலும் மும்மடலாகப் பிரிந்திருக்கும். 1759இல் லின்னேயசு இட்ட சிறப்புப்பெயரின் பொருளும் மும்மடல் என்பதே. நம் கீரையின் இலையோ மடலின்றி நீண்டு ஒடுங்கியது, சொரசொரப்பானது.

அழகுக்கொடி தானே, இருந்துவிட்டுப் போகட்டும் எனலாம். ஆனால், உலகின் மிகக் கொடிய அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்கள் நூறனுள் இதுவும் ஒன்றெனப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியல் கூறுகிறது. இது விதையை நம்பி வாழ்வதன்று. தண்டின் கணுதோறும் வேர்விடும். கத்தரித்து வாய்க்காலோரம் எறிந்த துண்டே புதுக்கொடியாகும். தென்சீனத்தில் இது நம் பொற்றலையோடு கலந்து கலப்பினமும் தோன்றியுள்ளது. அங்கே பூர்விகச் செடியின் தனித்தன்மைக்கே அது இடராகியது.

பொற்றலை விரும்புவது ஈரம். வரப்பும் வாய்க்காற் கரையும் அதற்கு ஏற்றவை. அம்பத்தூர், ஆவடி வட்டாரத்தில் வயல்கள் மனைகளான பின் எஞ்சிய ஈரம் ஏரிக்கரைகளிலும் கால்வாய் ஓரங்களிலுமே உள்ளது. தோட்டத்தில் வெட்டிய கொடியை அங்கே கொட்டாமல், ஈரமற்ற இடத்தில் உலர்த்திச் சருகாக்கிவிட்டால் போதும்.