மருந்துக் குப்பிக்குப் பின்னே

அறுப்புக் காலத்தில் மதுரையைச் சுற்றிலுமுள்ள வயல்களிலிருந்து பாம்பு கடித்தவர்களை இரவிலும் தூக்கி வருவார்கள். அவர்களுக்கு ஏற்றும் விஷமுறிவு மருந்தின் மூலம் எது?

ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரின் துணையோடு 1978-இல் இருளர் மக்கள் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். ஒருகாலத்தில் தோலுக்காகப் பாம்பைக் கொன்றவர்கள், இன்று விஷத்தை மட்டும் எடுத்துவிட்டுச் சில வாரங்களில் உயிரோடு விடுகிறார்கள். அந்த விஷத்தைக் குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அதன் இரத்தத்திலிருந்து மருந்து செய்கிறார்கள்.

ஆனாலும் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியால் மரிப்பதாக, விட்டேகரும் பங்குபெற்ற 2020-ஆம் ஆண்டு ஆய்வு கூறுகிறது. மந்திரித்துக் காலம் கடந்தபின் வந்தவர்களுக்காக நாங்கள் கண்ணீர் விட்டதுண்டு.

உங்கள் சபைகளில் சொல்லுங்கள்: இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், நடக்கவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள். ஏழைக்கும் ஒரு குப்பி ஆயத்தமாயிருக்க உங்கள் காணிக்கை உதவுகிறது.