சோதனை முடிவுக்குக் காத்திருக்கும் நாட்கள்
(நமது சங்க மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது தமக்கையார் ஒருவருக்கு ஸ்தனத்தில் தோன்றிய கட்டியினின்று ஊசியால் சிறிது தசை எடுத்து மதுரைக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஒன்பது தினங்களாயின. அவர் சரியாக உண்ணவுமில்லை, உறங்கவுமில்லை. பூட்டுக்குப் பேர்போன நம் திண்டுக்கல்லில் நெஞ்சையும் பூட்டிக்கொண்டிருந்தார். மகளுக்குச் சம்பந்தம் பேசுங் காலம். விஷயம் வெளிப்பட்டால் கெட்டுப்போகுமென்ற அச்சமே காரணம். இவ்வச்சத்தை விளைவித்தவர்கள் நம் குலத்தாரேயென்று சொல்ல நாம் கூசவில்லை.

தாமதமானால் தீமையென்று எண்ணுவது பிழை. எடுத்த தசையை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகிற் பதித்து, மெல்லிய ஏடாகச் சீவி, சாயமேற்றிய பின்னரே நுண்ணோக்கியிற் காண்பர். ஐயமிருப்பின் வேறு சாயமும் ஏற்றுவர். இதற்கெல்லாம் நாள் வேண்டாமா? மேலும், மார்பில் தோன்றுங் கட்டிகளிற் பெரும்பாலானவை புற்றல்ல.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் சகோதரியை இந்நோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரின் பயனாக 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. இன்று தொடக்கத்திலேயே கண்டால் குணமடைவோர் பலர்.

ஐந்தாம் நாள் தமக்கையார் நம்மிடம் சொல்லி அழுதார், அன்றிரவு உறங்கினார். நள்ளிரவில் கைபேசியில் தேடிப் படிப்பதை விடுத்து, மருத்துவரிடம் கேட்கவேண்டியவற்றைத் தாளில் எழுதிக்கொண்டார். ஒன்பதாம் நாள் பஸ்ஸில் உடன் சென்றோம். வாடிப்பட்டி வரை பேச்சில்லை. பிறகு கட்டுச்சோற்றை அவிழ்த்தார்.

இனி நம்மவர் எவரும் அப்பயணத்தைத் தனியே செய்யவேண்டா. சொல்லியனுப்பினால் நாம் உடன் வருவோம், விஷயம் வெளியே போகாது.