பட்டன் போட்ட கணக்கு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



லேபில் வெர்னியரைக் கையில் கொடுத்ததும் நம்மிடம் முதலில் என்ன சொன்னார்கள்? "ஸீரோ எரர் பாருப்பா!" நான் பேசப்போவதும் ஒரு ஸீரோ எரர் பற்றித்தான். அது இருந்தது என் வாயில்.

எனக்கு சோரியாசிஸ் உண்டு. தொற்றுநோய் இல்லை, தைரியமாகக் கை குலுக்கலாம். முழங்கைச் செதிலை மறைக்க அக்னி நட்சத்திரத்திலும் முழுக்கைச் சட்டை போட்டவன் நான். சிலருக்கு இது மூட்டுக்கும் இறங்கும். சோரியாட்டிக் ஆர்த்ரைடிஸ் என்பார்கள். எனக்கும் இறங்கியது. காலையில் ஒரு மணி நேரம் விரல் மடங்காது. மயிலாப்பூர் அறுபத்துமூவர் அன்று குதிகால் வலி தாங்காமல் மாடவீதியில் ஒரு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

அடையாறில் ஒரு டாக்டரிடம் போனேன். "சி.ஆர்.பி. நார்மல்தானே சார்?" என்று ரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டினேன். "இந்த நோயில பலருக்கு அது நார்மலாவே இருக்கும்" என்றவர், மூட்டு மூட்டாக அழுத்திப் பார்த்தார். வலி இருக்கிறதா என்று 68 மூட்டு. வீக்கம் இருக்கிறதா என்று 66. இடுப்பு மூட்டு இரண்டும் ஆழத்தில் இருப்பதால் வீக்கம் கைக்குத் தெரியாதாம். முடக்குவாதத்துக்கு 28 மூட்டுக் கணக்கு ஒன்று உண்டு. அதில் பாதமும் விரல்நுனி மூட்டும் கிடையாது. இந்த நோய் அடிக்கடி பிடிப்பதோ அங்கேதான்!

பிறகு கூட்டல். 'டாப்சா' என்று பெயர். வலிக்கும் மூட்டு, வீங்கிய மூட்டு, வலி பத்துக்கு எவ்வளவு, நோய் மொத்தத்தில் படுத்தும் பாடு பத்துக்கு எவ்வளவு, ஒரு டெசிலிட்டரில் சி.ஆர்.பி. எத்தனை மில்லிகிராம் – இந்த ஐந்தின் கூட்டுத்தொகை. 4 வரை நோய் அடங்கியது. 14 வரை குறைவு. 28 வரை நடுத்தரம். அதற்கு மேல் தீவிரம்.

வலியைக் கேட்டபோது ஆம்பளைத்தனமாக "ரெண்டு" என்றேன். அடுத்ததற்கும் "ரெண்டு". 5+3+2+2+0.5 = 12.5. குறைவு! பழைய மருந்தே போதும் என்று டாக்டர் எழுதப் போனார். பக்கத்தில் இருந்த அம்மா குறுக்கிட்டாள்: "டாக்டர், இவன் பொய் சொல்றான். காலையில சட்டைப் பட்டனை நான்தான் போட்டு விடறேன்."

தலை குனிந்தேன். உண்மை எண்கள் 6, 7. கணக்கு 21.5 ஆனது. மருந்தும் மாறியது. தேய்ந்த மூட்டு திரும்ப வளராது என்பதை அப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

டாப்சாவில் தோல் சேராது. தோல், தசைநாண் முனை, அன்றாட வேலை எல்லாம் சேர்ந்த 7 நிபந்தனைகள் தனியே உண்டு; 5 தேறினால் பாஸ். நாலு வாரத்துக்கு ஒருமுறை அளந்து, அந்த இலக்கை நோக்கி மருந்தை மாற்றியவர்கள் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட நன்றாக முன்னேறினார்கள் என்று 2015-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு சொல்கிறது.

தம்பி தங்கைகளே, இந்தக் கணக்கில் நோயாளியும் ஒரு மீட்டர். அது பொய் காட்டினால் எத்தனை கெட்டிக்கார டாக்டரும் ஏமாந்துதான் போவார்.

போன மாதம் என் எண் 6.3. இன்னும் 4-க்குள் வரவில்லை. ஆனால் இன்று பட்டனை நானே போட்டுக்கொண்டு வந்தேன். பாருங்கள், அரைக்கைச் சட்டை!