மணி அடித்தால் காசா?



1995-ஆம் ஆண்டு வாக்கில் தாராவி எப்படி இருந்தது? நினைத்துப் பாருங்கள். தெருவோரம் ஒரு எஸ்.டி.டி. பூத். மஞ்சள் பலகை. இரவு நேரம். இரவில் கட்டணம் குறைவு. அதனால் நீண்ட வரிசை.

வரிசையில் ஒரு அம்மா நிற்கிறார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கையில் ஒரு துண்டுச் சீட்டு. அதில் ஊரில் உள்ள பக்கத்து வீட்டு போன் எண். 0462 என்று தொடங்குகிறது. அவர் முறை வந்தது. எண்ணை அழுத்தினார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. ரிசீவரை வைத்துவிட்டார்.

"மணி அடிச்சுதே அம்மா, காசு கொடுங்க" என்கிறார் பூத்காரர்.

கொடுக்க வேண்டுமா? வேண்டாம். ஏன் வேண்டாம் என்று தெரிய, எக்ஸ்சேஞ்சுக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும்.

முன்பெல்லாம் வெளியூர் பேச டிரங்க் கால் பதிவு செய்து காத்திருக்க வேண்டும். எக்ஸ்சேஞ்சில் இருப்பவர் கையால் இணைப்பார். நம் நாட்டில் முதல் எஸ்.டி.டி. 1960-இல் வந்தது. லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே. கையால் இணைக்காமல் இயந்திரமே இணைக்கும் வழியை அமெரிக்காவில் ஸ்ட்ரோஜர் என்பவர் கண்டுபிடித்தார். 1891-இல் காப்புரிமை வாங்கினார். அவருக்குத் தொழில் என்ன தெரியுமா? இறுதிச் சடங்கு நடத்துவது! தனக்கு வரும் அழைப்பை எக்ஸ்சேஞ்சில் இருப்பவர் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறார் என்ற கோபத்தில் அதைச் செய்தார் என்று கதை சொல்வார்கள். அந்த இயந்திரத்தில் உலோகக் கைகள் ஏறி இறங்கும். 'கடகட' என்று சத்தம் வரும்.

டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சில் உலோகக் கை இல்லை. எண்கள்தான். அது அம்மாவின் குரலை ஒரு வினாடிக்கு 8,000 முறை அளக்கிறது. ஒவ்வொரு அளவும் ஒரு எண். அந்த எண்கள் ரயில் ஏறிப் போகின்றன.

ஆம், ரயில் போலத்தான். ஒரு ரயிலில் 32 இருக்கைகள். 30 இருக்கைகளில் 30 பேருடைய குரல். ஓர் இருக்கை, ரயில் எங்கே தொடங்குகிறது என்று காட்ட. இன்னோர் இருக்கை, செய்தி கொண்டுபோக. வினாடிக்கு இப்படி 8,000 ரயில்கள்!

தாதர் ஸ்டேஷன் உங்களுக்குத் தெரியும். மாட்டுங்காவில் ஏறியவர் அங்கே இறங்கி, வெஸ்டர்ன் லைன் ரயிலுக்கு மாறுவார். எக்ஸ்சேஞ்சும் ஒரு தாதர்தான். அம்மாவின் குரல் 5-ஆம் இருக்கையில் வருகிறது. வெளியூர் போகும் ரயிலில் 12-ஆம் இருக்கை காலி. எக்ஸ்சேஞ்ச் 5-இல் வந்த எண்ணை எடுத்து 12-இல் உட்கார வைக்கிறது. பேச்சு முடியும்வரை, வருகிற ஒவ்வொரு ரயிலிலும் இதே வேலை. பதில் குரல் திரும்பி வரவும் இப்படி ஒரு பாதை உண்டு.

இதில் நம்மவர்கள் பங்கும் உண்டு. 1984-இல் சி-டாட் என்ற அரசு நிறுவனம் தொடங்கியது. சாம் பித்ரோடா அதற்கு வழிகாட்டினார். கிராமத்துக்கென்று ஒரு சிறிய டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சை அங்கே செய்தார்கள். ஏ.சி. அறை இல்லாமலே ஓடும். நம் ஊர் வெயிலுக்கு அதுதானே வேண்டும்! முதல் எக்ஸ்சேஞ்ச் 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் வந்தது.

சரி, அந்தச் செய்தி இருக்கைக்கு வருவோம். எக்ஸ்சேஞ்சுகள் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. அம்மா எண்ணை அழுத்தியதும் மும்பை எக்ஸ்சேஞ்ச் செய்தி அனுப்புகிறது: "இந்த எண் வேண்டும்." ஊர் எக்ஸ்சேஞ்ச் அந்த போன் காலியா என்று பார்க்கிறது. காலி என்றால் மணியை அடிக்கிறது. "அடிக்கிறேன்" என்று பதிலும் அனுப்புகிறது. வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தால், "இடமில்லை" என்று பதில் வரும்.

அம்மா காதில் கேட்கும் 'ட்ரிங்' ஊர் மணியின் சத்தம் அல்ல. எக்ஸ்சேஞ்ச் தானே உண்டாக்கி அனுப்பும் சத்தம் அது.

ஊரில் ஒருவர் ரிசீவரை எடுத்தால்தான் அடுத்த செய்தி புறப்படும்: "எடுத்துவிட்டார்." கணக்கு தொடங்குவது அந்தச் செய்தி வந்த பிறகுதான். முறையாக அமைத்த பூத்தில் மீட்டரும் எக்ஸ்சேஞ்சின் சைகையைக் கண்டே ஓடும். அம்மாவின் அழைப்பில் அந்தச் செய்தி வரவே இல்லை. பிறகு காசு எதற்கு?

மஞ்சள் பலகைகள் மறைந்துவிட்டன. செல்போன் வந்துவிட்டது. எடுத்தால்தான் அழைப்புக் கணக்கு என்பது மட்டும் மாறவில்லை. மக்கள் இதை யாரும் சொல்லித் தராமலே கண்டுகொண்டார்கள். நெல்லையிலிருந்து ரயிலேறி வந்த மகன் தாதரில் இறங்குகிறான். வீட்டுக்கு இரண்டு மணி அடித்துவிட்டு நிறுத்துகிறான். தாராவியில் அம்மா போனை எடுப்பதில்லை. எழுந்து உலை வைக்கிறார்.