ஒருவர் சம்மதம் ஊருக்குப் போதாது



மரபணுத் தகவலைக் காக்கும் சட்டம் விஞ்ஞானத்துக்கு விலங்காகிவிடும் என்று எதிரணி நண்பர் வருந்தினார். அவருடைய விஞ்ஞானப் பற்றை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த விஞ்ஞானமே சட்டத்தின் அவசியத்தை உணர்த்துகிறது. இருதயத் தசையைப் பலவீனப்படுத்தும் ஒரு மரபணுக் குறை தெற்காசிய ஜனங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேரிடம் உண்டென்று, மதுரை, ஹைதராபாத் ஆராய்ச்சியாளர்கள் அடங்கிய குழு 2009இல் வெளியிட்டது. மகத்தான கண்டுபிடிப்புதான்; ஆயினும் வைத்தியருக்கு எச்சரிக்கையாகப் பயன்படும் அதே குறிப்பு, இன்சூரன்ஸ்காரர் கைக்குப் போனால் என்ன ஆகும்? இருதயத் தசை நோய் மரபணுக் கோளாறென்று காரணம் காட்டி இழப்பீடு மறுக்கப்பட்ட ஒருவரின் வழக்கில், அத்தகைய பாகுபாடு அரசியல் சாசனத்துக்கு விரோதமென்று 2018இல் டில்லி உயர்நீதிமன்றம் சொல்ல நேர்ந்ததே!

'சம்மதித்துத்தானே இரத்தம் கொடுக்கிறார்கள்?' என்று நண்பர் கேட்டார். அத்தை மகள், மாமன் மகன் என்று உறவுக்குள்ளேயே கொண்டு கொடுக்கும் நம் ஊர்களில், ஒருவருடைய ஒரு துளி இரத்தம் அவர் தம்பியைப் பற்றியும், இன்னும் பிறவாத பேத்தியைப் பற்றியும் பேசிவிடுகிறது. அவர்களிடம் யார் சம்மதம் வாங்கினார்கள்?

2023இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, மரபணுத் தகவலுக்கெனத் தனி வகுப்பு எதையும் ஏற்படுத்தவில்லை. அரசாங்கம் பெயர் குறித்துத் தடுக்கும் தேசங்கள் நீங்கலாக எங்கும் தகவலை அனுப்ப இடம் தருகிறது. அயல்நாடு போன தகவலின் கதி என்ன? அமெரிக்காவின் 'ட்வென்டித்ரீ அண்ட் மீ' மரபணுப் பரிசோதனை நிறுவனம் 2025 மார்ச்சில் திவால் மனுக் கொடுத்தபோது, நம்பி எச்சில் மாதிரி அனுப்பிய ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பேரின் பரம்பரை இரகசியம் விற்பனைக்குரிய ஆஸ்தியாயிற்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம்: பரம்பரை நோயான அரிவாள் செல் சோகையை ஒழிக்க 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய இயக்கம், தமிழ்நாடு உட்பட 17 மாநிலங்களின் பழங்குடிப் பகுதிகளில் 7 கோடிப் பேரின் இரத்தத்தைப் பரிசோதிக்கத் திட்டமிட்டது. அந்தப் பரிசோதனை நடந்தே தீரவேண்டும். ஆனால் அதன் முடிவு வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் தட்டிப்போகுமோ, பையனுக்கு வேலை கிடைக்காதோ என்று அஞ்சும் தாய் கை நீட்டுவாளா? சிகிச்சைக்கும் மக்கள் அறிந்து இசைந்த ஆராய்ச்சிக்கும் அன்றி, முதலாளிக்கோ இன்சூரன்ஸுக்கோ அயலாருக்கோ அந்த முடிவு போகாதென்றும், போனால் தண்டனை இன்னதென்றும் தெளிவாக விதிக்கும் சட்டம் இயற்றப்பட்டு, அதன் தமிழ்ப் பிரதியோடு செவிலியர் சேர்வராயன் மலையேறவேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. அதற்கு இசைந்து தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களைப் பணிவுடன் வேண்டி அமர்கிறேன்.